நெட் எடுத்து வைப்பது தொடர்பாக

ஒரே மனிதருக்கு ஒரே மாதத்துக்குள் இரண்டு ஃப்ளெக்ஸ் வைத்த பெருமை வெள்ளானூர் வட்டாரத்தில் பூபாலன் ஒருவருக்குத்தான் உண்டு. மே மாதக் கடைசியில் முதல் ஃப்ளெக்ஸ்: "மாவட்டக் கோப்பை வென்ற மங்கையரை உருவாக்கிய மாமனிதரே, வாழ்க!" ஜூன் மாத நடுவில் இரண்டாவது: "பிஞ்சைக் காக்கத் தவறிய பாதகனே, பதில் சொல்!" இரண்டிலும் படம் ஒன்றுதான். கழுத்தில் விசில், அதன் மேல் ரோஜா மாலை, வாய் நிறையச் சிரிப்பு. ஃப்ளெக்ஸ் கடைக்காரனின் கம்ப்யூட்டரில் அந்த ஒரு படம்தான் இருந்ததாம். அதனால் பாதகன் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டிலும் கீழ் மூலையில் பூபாலன் கை கூப்பியபடி நின்றார். முதலாவதில் நன்றிக்காக, இரண்டாவதில் எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

பார்வதம் அந்த இரண்டாவது ஃப்ளெக்ஸைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படத்தில் இருப்பவர் அவள் புருஷன் மனோகரன். 'மாலையையாவது அழிச்சிட்டுப் போட்டிருக்கலாம்' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. முப்பத்தாறு வருடம் ஒரு ஆபீஸ் ஃபைலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த அளவு நக்கல்கூட இல்லாவிட்டால் காலம் தள்ள முடியாது.

ஃபைல் என்று சும்மா சொல்லவில்லை. மனோகரன் ஆவடிப் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து, ஆபீஸ் சூப்பரிண்டெண்டாக ரிட்டயர் ஆனவர். எதுவாக இருந்தாலும் அவருக்கு எழுத்தில் வர வேண்டும். கல்யாணமான புதிதில் பார்வதம் ஒரு மிக்ஸி கேட்டாள். "எழுதிக் குடு" என்றார். விளையாட்டு என்று நினைத்து எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அதே தாள் 'பார்க்கப்பட்டது' என்ற பச்சை மையோடு திரும்பி வந்தது. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி ஆபீசில் அவருக்குக் கடைசி வரை வாய்க்கவில்லை. அந்த ஏக்கத்தை வீட்டில் தீர்த்துக்கொண்டார். மிக்ஸி வர இரண்டு வருடம் ஆயிற்று.

வேலையில் இருந்தபோது அவர் தொழிற்சாலை வாலிபால் அணியில் ஆடியவர். ரிட்டயர் ஆனதும் வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டி, ஏரிக்கரை மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்காகச் சுடர் வாலிபால் கழகத்தைத் தொடங்கினார். தலைவர் பூபாலன், மனை வியாபாரி. 'அருகிலேயே விளையாட்டு மைதானம்' என்று சொல்லிச் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் ஏற்றியவர். பயிற்சியாளர் மனோகரன். உதவிப் பயிற்சியாளர் ஜெகதீஷ். கழகத்துக்கும் ஒரு இன்வர்டு ரிஜிஸ்டர் உண்டு. அது வீட்டு டிவிக்குக் கீழ்த்தட்டில் இருக்கும். எண், தேதி, அனுப்பியவர், பொருள், வாங்கியவர் என்று ஐந்து கட்டம். சார் மைதானத்தில் இருக்கும்போது வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பார்வதம்தான் வாங்கிப் பதிந்து கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

இப்போது வெளியே வந்தது இதுதான். போன வருடம், பயிற்சி முடிந்ததும் நெட்டை ஸ்டோர் ரூமில் வைக்க வேண்டும் என்று சொல்லி, பெனிஷா என்கிற பதின்மூன்று வயதுப் பெண்ணை ஜெகதீஷ் தனியாகக் கூப்பிட்டுப் போய்த் தகாத முறையில் நடந்திருக்கிறான். ஒரு முறை அல்ல. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு அம்மாள் வந்து பேசியபோது அந்தப் பெண் எழுந்து போய் அவரிடம் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் போலீசுக்குச் சொல்ல, செவ்வாய்க்கிழமை ஜெகதீஷைப் போக்சோவில் பிடித்து உள்ளே போட்டார்கள். உள்ளே இருப்பவனைப் பார்த்துக் கத்த முடியாது. ஊருக்கோ கத்தியாக வேண்டும். மனோகரன் சார் வீட்டில்தான் இருந்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. கோபம் நியாயமான கோபம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குழந்தையை ஒப்படைத்த இடத்தில் இப்படி நடந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் வயிறு எரிந்தவர்கள் முன்வரிசையில் நிற்கவில்லை. முன்வரிசையில் பூபாலன் ஒரு ஆட்டோவின் மேல் மைக் கட்டி நின்றார்.

"இன்னா சார், ஊட்டுக்குள்ள குந்திகினு கீறீங்க? உங்கள நம்பித்தான புள்ளைங்கள அனுப்புனோம்! வெளிய வந்து பதில் சொல்லுங்க!"

மனோகரன் இஸ்திரி போட்ட சட்டையில் வெளியே வந்தார். எட்டு செல்போன்கள் அவர் முகத்துக்கு நேராக நீண்டன.

"இது சம்பந்தமா எனக்கு எந்தப் புகாரும் வரல. வந்திருந்தா முறைப்படி நடவடிக்கை எடுத்திருப்பேன்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியம் மதியத்துக்குள் அம்பத்தூர் வரை போய்விட்டது. எங்கிருந்தோ ஒரு கிழிந்த வாலிபால் பறந்து வந்து மொட்டை மாடித் தண்ணீர் டேங்கில் பட்டு விழுந்தது. குறி அவ்வளவு மோசமாக இருந்ததால் எறிந்தது கழகத்துப் பிள்ளை இல்லை என்று தெரிந்தது.

கோஷம் உச்சத்தில் இருக்கும்போது பின்பக்கக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். பார்வதம் பயந்துகொண்டே திறந்தாள். அமல்ராஜ் நின்றான், கையில் ஒரு நீளக் கவரோடு. இரண்டு நிமிடம் முன்பு முன்வாசலில் 'கைது செய்' என்று கத்தியது அவன்தான். அவனுடைய மூத்த பெண் கழகத்தில் ஆடியவள், இந்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. கோவம் எல்லாம் கீது. ஆனா ஸ்போர்ட்ஸ் கோட்டா சர்டிபிகேட்ல சார் கையெழுத்து ஓணும். நாளைக்கு அவரத் தூக்கிட்டாங்கன்னா அப்பறம் யாரு போடுவா?"

மனோகரன் உள்ளே வந்து சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோரிக்கைக் கடிதம் எங்க?" என்று கேட்டார். அமல்ராஜ் சமையலறை மேடையில் வைத்தே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். அது ரிஜிஸ்டரில் ஏறியது. பிறகு கையெழுத்து. அமல்ராஜ் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சந்து வழியாகப் போய், முன்னால் நின்று, முன்னைவிடச் சத்தமாகக் கத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை பார்வதம் முக்காடு போடாத குறையாகப் பால் வாங்கப் போனாள். டீக்கடையில் நேற்றுக் கத்திய அதே தொண்டைகள் இன்று வேறு சுருதியில் பேசிக்கொண்டிருந்தன.

"பத்து மாசமா அந்தப் பொண்ணு யார்கிட்டயும் வாயத் தொறக்கலியாமே மாமே?"

"டீம்லருந்து தூக்கிட்டாங்கோ. அந்தக் கடுப்புல சொல்லுதோ இன்னாவோ."

"ஜெகதீஷோட வக்கீலும் அதத்தான் சொல்றாராம். திங்கக்கிழம ஜாமீன் வந்துரும்ன்றாங்கோ."

பார்வதம் பால் கவரை வாங்கி, மீதிச் சில்லறை வாங்க மறந்து நடந்தாள். ஊர் ரொம்ப வசதியாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. கிழவரைத் திட்டவும் வேண்டும், அந்தப் பெண்ணை நம்பவும் கூடாது. இரண்டும் ஒரே வாயில் ஒரே டீயோடு இறங்கின.

அன்று மாலை ஹில்டா வந்தாள். பெனிஷாவின் அம்மா. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் நேராக வந்திருந்தாள். கத்தவில்லை. கேட்டைத் திறந்துகூட உள்ளே வரவில்லை.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன். போன ஆகஸ்ட்ல எம்பொண்ணு உங்க கையில ஒரு லெட்டர் குடுத்தேன்றா. குடுத்தாளா?"

"நெறைய லெட்டர் வரும் ஹில்டா. எது எதுன்னு..."

"கோடு போட்ட பேப்பர்க்கா. எங்கிட்ட சொன்னா வெளாட உடமாட்டேன்னு சாருக்கு எழுதிக் குடுத்துருக்கா. சார்கிட்ட எதுன்னாலும் எழுதித்தான் குடுக்கணுமாமே?"

பார்வதத்தின் கை கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது.

"ஞாபகம் இல்லையே" என்றாள்.

ஹில்டா நகரவில்லை. "ஸ்டேஷன்ல கேக்கறாங்கோ, யார்கிட்டயாச்சும் சொன்னாளான்னு. சொன்னேன்றா. யார்கிட்டன்னா உங்க ஊடுன்றா. உங்க ஊட்ல இல்லன்றீங்கோ. அப்ப எம்பொண்ணு பொய் சொல்லுதா?" அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றி, விட்டாள். "ஞாபகம் வந்தா சொல்லுங்கக்கா. நான் தெனமும் சாயங்காலம் ஸ்டேஷன்லதான் குந்திகினு இருக்கேன்."

ஞாபகம் இல்லை என்பது சுத்தப் பொய். எல்லாம் ஞாபகம் இருந்தது. தூறல் விழுந்த மாலை. பெனிஷா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், தரை அழுக்காகிவிடுமாம். நாலாக மடித்த தாள். பார்வதம் அதை வாங்கி, ரிஜிஸ்டரில் நாற்பத்தேழாம் எண் போட்டு, பதிந்து, கையெழுத்துப் போட்டாள். பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவள் முழுக்கக் குடித்துவிட்டு, "சார் இன்னிக்கே படிச்சிடுவாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "படிச்சிடுவார்" என்றாள் பார்வதம். செப்டம்பர் மாதத்திலிருந்து அந்தப் பெண் மைதானத்துக்கு வரவில்லை. பிள்ளைகள் வருவதும் போவதும் சகஜம்தானே என்று பார்வதம் தனக்குத் தானே ஒரு விளக்கம் எழுதி, தானே ஏற்றுக்கொண்டு, கோப்பில் வைத்துவிட்டாள். முப்பத்தாறு வருடப் பழக்கம் சும்மா போகுமா?

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மனோகரன் ஒரு பழுப்பு ஃபைலையும் ரிஜிஸ்டரையும் எடுத்து வந்து சமையல் மேடையில் வைத்தார்.

"பார்வதம், இந்த ஃபைலக் கொஞ்சம் எரிச்சிடு."

"என்னது?"

"கழகத்துப் பழைய பேப்பர்."

"ஏன், நீங்க எரிக்கறதுதானே? உங்களுக்குத் தீப்பெட்டி பத்த வெக்கத் தெரியாதா?"

"மூணு வருஷம் வெச்சிருக்கணும்னு ரூல் இருக்கு. நான் எப்படி எரிக்க முடியும்?" உண்மையாகவே சங்கடப்பட்டார். பொய் சொல்ல அவருக்குக் கை நடுங்கவில்லை. ஒரு காகிதத்தைக் காலத்துக்கு முன்னால் அழிக்கக் கை வரவில்லை. பெண்டாட்டிக்கு அந்த ரூல் பொருந்தாது என்று கண்டுபிடித்திருந்தார்.

"எரிச்சதும் இங்க ஒரு கையெழுத்து" என்று ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். 'எண் 47, கரையான் அரித்ததால் அழிக்கப்பட்டது' என்று அழகாக எழுதி, 'அழித்தவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். எரிக்கச் சொல்லும் காகிதத்துக்கும் பதிவு வேண்டும் அவருக்கு. இப்படி ஒரு திருட்டை அந்தத் தொழிற்சாலையில் படித்து வந்தவரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

பார்வதம் ஃபைலைத் திறந்தாள்.

'மதிப்பிற்குரிய கோச் சாருக்கு, பிராக்டிஸ் முடிஞ்சதும் ஜெகதீஷ் சார் என்னை மட்டும் நெட்டை ஸ்டோர் ரூமில் வைக்க கூப்பிடுகிறார். உள்ளே போனதும் கதவை மூடி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தப்பாக தொடுகிறார். வேண்டாம் சார் என்று சொன்னாலும் கேட்கவில்லை. நெட் எடுத்து வைக்க இனிமேல் இரண்டு பேராக அனுப்பவும். நான் விளையாட்டை விட மாட்டேன் சார். இப்படிக்கு, பெனிஷா, எட்டாம் வகுப்பு, ஜெர்சி எண் 6.'

ஓரத்தில் பச்சை மை: 'உதவிப் பயிற்சியாளர் மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' அடுத்த தாளில் ஜெகதீஷின் விளக்கம், இரண்டாம் நாளே தந்திருந்தான், வேகமான ஆள்: 'மேற்படி மாணவி நெட் எடுத்து வைக்கும் வேலைக்குச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறார். ஒழுங்கில்லாதவர். அணியிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறேன்.' அதன் கீழே மறுபடி பச்சை: 'ஏற்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்.'

பார்வதம் இரண்டு தாளையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அவன் மேல சொன்ன பேப்பர அவன் கையிலயேவா குடுத்தீங்க?"

"யார் மேல புகாரோ அவங்ககிட்ட விளக்கம் கேக்கணும். ஃபேக்டரியில அப்படித்தான்."

"ஃபேக்டரியில ஸ்பேனர் காணாமப் போச்சுன்னா கேளுங்க. இது கொழந்தைங்க."

"நீ ஏன் கத்தற? அது புகாரே இல்ல. கடைசி வரியப் பாரு. ரெண்டு பேரா அனுப்பணும்னுதான் கேட்டிருக்கு. அது வேண்டுகோள்."

"சரி. அனுப்பினீங்களா ரெண்டு பேரா?"

"அதான் டீம்லருந்தே எடுத்தாச்சே. அப்பறம் நெட் எடுக்கற வேல எங்க வருது?"

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு விஷயம் முறையாக முடித்துவைக்கப்பட்டது என்ற நிம்மதியோடு சொன்னார். இந்த மனுஷனோடு எப்படி இத்தனை வருடம் ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டோம் என்று பார்வதத்துக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பு அவளுக்கு வசதியாகவும் இருந்தது, அவர் அடுத்ததைச் சொல்லும் வரை.

"எம்மேல மட்டும் ஏன் பாயற? 'பொருள்'னு இருக்கற கட்டத்தப் பாரு. யாரு எழுதினது?"

ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார். நாற்பத்தேழாம் எண். நீல மை. அவளுடைய சாய்ந்த கையெழுத்து. 'பொருள்: நெட் எடுத்து வைப்பது தொடர்பாக.' பக்கத்தில் வாங்கியவர்: பார்வதம்.

"நீ எழுதினதப் பாத்துட்டுத்தான் நான் எடுத்தேன். நெட்டு விஷயம்னா அது ஜெகதீஷ் செக்‌ஷன். அதுக்குத்தான் அவனுக்கு அனுப்பினேன்" என்றார் மனோகரன். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லலன்னா அதுக்குத் தனிக் கேஸாம். என்னை மட்டும் இல்ல, கையெழுத்துப் போட்ட உன்னையும் கேப்பாங்க. உனக்காகவும்தான் சொல்றேன், எரிச்சிடு" என்றார்.

அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அன்று பார்வதம் தாளைப் பிரித்தாள். பிரித்தவள் முழுக்கப் படித்தாள். ரிஜிஸ்டர் டிவிக்குக் கீழே கிடக்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் புரட்டுவார்கள், இந்த அசிங்கத்தை அதில் எப்படி எழுதுவது என்று கூசினாள். அந்தத் தாளில் எழுதத் தோதான ஒரு வார்த்தை நெட்தான். எதிரே அந்தப் பெண் ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். ஊர் மானம், கழகத்தின் மானம், பெண்ணின் மானம் என்று எல்லார் மானத்தையும் காப்பாற்றி ஒரு நல்ல தலைப்பு கொடுத்தாள். மிச்சம் இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

மனோகரன் தீப்பெட்டியை ஃபைலின் மேல் வைத்தார். "நான் குளிக்கப் போறேன். மாடிக்குப் போய்ப் பண்ணு. நான் பாக்கல" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார். மதியம் இரண்டு மணிக்கு அவர் குளித்து அவள் பார்த்ததே இல்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், பார்வதம் ஃபைலையும் ரிஜிஸ்டரையும் கட்டைப்பையில் போட்டாள். தீப்பெட்டியை அடுப்படியில் அதன் இடத்தில் வைத்தாள். செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கையெழுத்துப் போட்டியா?"

"போடத்தான் போறேன்" என்றாள்.

ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில், ஃப்ளெக்ஸுக்குக் கீழே, பூபாலன் இரண்டு ஆட்களை வைத்துக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"அண்ணி, வெயில்ல எங்க கெளம்பிட்டீங்கோ? நாளைக்குக் கண்டனக் கூட்டம் கீது. சாருக்கு எதிராத்தான். நீங்க மன்சுல வெச்சிக்காதீங்கோ."

"வெச்சிக்கல. பூபாலன், ஸ்டோர் ரூமுக்கு உள்பக்கமா தாழ்ப்பாள் யாரு போட்டது?"

பூபாலன் கொடிக்கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். "அது... ஜெகதீஷ் கேட்டான், தச்சன அனுப்பி நான்தான் போட்டுக் குடுத்தேன். பையன் கொஞ்சம் அப்டி இப்டின்னு நமக்குத் தெரியும் அண்ணி. இந்த அளவுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"கூட்டத்துல மைக்ல அதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறினாள். ஆவடி வரை பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வந்து, மகளிர் காவல் நிலையத்தில் ஹில்டா சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பார்வதத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பார்வதமும் அவளிடம் ஒன்றும் பேசாமல் நேராக இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போய்ப் பையிலிருந்து இரண்டையும் எடுத்து வைத்தாள். இன்ஸ்பெக்டரின் பெயர்ப் பட்டையில் ஷர்மிளா என்று இருந்தது. வயதில் சின்னவள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பச்சை மையைப் படித்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ரிஜிஸ்டரில் விரல் வைத்து ஓட்டி, நாற்பத்தேழில் நிறுத்தினாள்.

"வாங்கியவர்னு கையெழுத்து இருக்கே. இது யாரு?"

"நான்தான் மேடம். அவர் சம்சாரம்."

"லெட்டர் கவர்ல போட்டு ஒட்டியிருந்ததா?"

தப்பித்துக்கொள்ள அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஒட்டின கவர், எனக்கென்ன தெரியும், வாங்கி வைத்தேன், அவ்வளவுதான். பச்சை மை மட்டும் மாட்டிக்கொள்ளும், நீல மை வீட்டுக்குப் போய் ராத்திரிக்குச் சமைக்கலாம்.

"இல்ல மேடம். மடிச்ச பேப்பர். நான் பிரிச்சேன். முழுக்கப் படிச்சேன். பொருள்னு எழுதியிருக்கறதும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இதச் சொன்னா உங்களுக்கும் சிக்கல் வரும்னு தெரியுமில்ல?"

"தெரியும். எழுதிக்குங்க. கடைசிப் பக்கத்தையும் பாருங்க, அழித்தவர்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அதுல நான் போடல."

பின்னால் பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. ஹில்டா எழுந்து வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள். கோடு போட்ட தாளை அவள் தொடவில்லை. மகளுடைய கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துகொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது, அவள் துடைக்கவில்லை.

"அப்ப குடுத்துருக்கா" என்றாள்.

"குடுத்தா ஹில்டா. எங்கையிலதான் குடுத்தா."

"நீங்க படிச்சீங்கோ."

"படிச்சேன்."

"எம்பொண்ணு உங்க எதிர்ல நின்னுகினு இருந்துச்சா, படிக்கசொல்ல?"

"நின்னுட்டு இருந்தா."

ஹில்டா தலையை ஆட்டினாள். திட்டுவாள், அடிப்பாள் என்று பார்வதம் காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹில்டா அடிக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்பது போலக் கேட்டாள்.

"படிச்சிட்டு இன்னாக்கா பண்ணீங்கோ?"

இன்ஸ்பெக்டர் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தண்ணி குடுத்தேன்" என்றாள் பார்வதம்.